பனிக்கு நடுவே ஒரு வில்லோ கிளை

மார்ச் முடியப்போகிறது, அமெரிக்காவின் மினசோட்டாவில் அந்தச் சின்ன நூலகத்துக்கு வெளியே பனி இன்னும் இடுப்பளவு கிடக்கிறது. நாளை மழலைகளுக்கு வசந்தகாலக் கதை நேரம். ஜன்னல் கண்ணாடியில் காகிதப் பூக்களை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் நூலகர் லோர்னா. "வசந்தம் எங்க மிஸ்?" என்று போன வருடம் ஒரு வாண்டு வெளியே பார்த்துக் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை. பனி தள்ளும் வண்டியோட்டி ஆர்னி, பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறான். "என்ன லோர்னா, வசந்தத்தப் பசை போட்டு ஒட்டுறியாக்கும்?" சிரித்துக்கொண்டே கோட்டுக்குள்ளிருந்து பனி விலகும் முன்பே மொட்டு விடும் வில்லோ மரத்தின் கிளை ஒன்றை எடுத்து நீட்டுகிறான். குச்சி நெடுகப் பூனைக்குட்டிப் பாதம் போலச் சாம்பல் மொட்டுகள். ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். கண் நிறைந்துவிடுகிறது. "நாளைக்கு நீயே வந்து கதை சொல்லு, ஆர்னி." "எனக்கென்ன கதை தெரியும்?" "இத எங்க பார்த்தேன்னு சொல்லு, போதும்." குட்டி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பெரிய நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.