நாற்பத்தாறாம் நம்பர்

"ஏங்க, விலை மாறிடுச்சுங்க! மெயில் வந்தாச்சு!"

மனைவி போட்ட சத்தத்தில் வாசலில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

வீட்டு முன்னறைதான் அவர்கள் ஆபீஸ். பெரிய கம்பெனியிடம் இன்டர்நெட்டை மொத்த விலைக்கு வாங்கி, சுற்றியிருக்கிற நாலு தெருவுக்குச் சில்லறையாகக் கொடுக்கிற தொழில். கேபிள், கம்பம், ஏணி எல்லாம் அவர் பாடு. போன், புகார், சமாதானம் எல்லாம் அவள் பாடு.

இதுவரை அந்தக் கம்பெனி இணைப்புக்கு ஒரு விலை, வேகத்துக்குத் தனி விலை வாங்கியது. கட்டுப்படியாகாமல், சாயங்காலமானால் எல்லோருக்கும் வேகத்தைக் குறைத்துத்தான் விடுவார்கள். நாலு தெருவும் திட்டும். இனி ரெண்டும் சேர்த்து ஒரே விலை. வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டியதே இல்லை.

"நம்ம ஜனங்களுக்கு பில் ஏறாதே?"

"ஒரு காசு ஏறாதுங்க. வேகம் மட்டும் மூணு மடங்கு!"

"அப்போ உட்காரு. இன்னிக்கே எல்லாரையும் அவிழ்த்து விட்டுடலாம்."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட ஆரம்பித்தாள்.

"பதினாலு... பேங்க்காரர். தினமும் கத்துவாரே, இந்தாங்க சார், பிடிங்க! முப்பத்தொண்ணு... டியூஷன் டீச்சர். இனிமே பசங்க 'கேக்கல டீச்சர்'னு டபாய்க்க முடியாது!"

போன் அடித்தது. "என்னம்மா பண்ணீங்க? படம் பறக்குது!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தாறில் விரல் நின்றது.

"ஏங்க, இதுக்குக் கட்டுப்பாடே இல்லையே? மூணு வருஷமா முழு வேகம். கட்டுறதோ இருக்கிறதிலேயே கம்மி விலை!"

அவர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். "அது... ஏதாவது விட்டுப் போயிருக்கும்."

"விட்டுப் போகல. நீங்கதான் எடுத்து விட்டிருக்கீங்க, தேதியோட இருக்கு. பொம்பளை பேரு வேற! நம்ம வீட்டுலயே சீரியல் திக்கித் திணறி ஓடுது. இந்த மகாராணிக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை?"

"விடேன்மா. இனிமே எல்லாருக்கும் முழு வேகம்தானே?"

"புது வேக நோட்டீஸை அந்த வீட்டுக்கு நானே கொடுத்துட்டு வரேன்."

"வேண்டாம், நான் போறேன்."

அது போதும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த தெரு, மாடி வீடு. பெல்லை அழுத்தினாள். சத்தமே வரவில்லை, உள்ளே விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கதவைத் திறந்தார்.

"நான் இன்டர்நெட் ஆபீஸ்லேர்ந்து..."

அந்த அம்மா காதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். சிரித்தபடி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் லேப்டாப் முன்னால் நிறுத்தினார். திரையில் ஓர் இளம்பெண்.

"அம்மாவுக்குக் காது கேட்காது மேடம். என்கிட்ட சொல்லுங்க, நான் அம்மாவுக்குச் சொல்றேன்."

அவள் தடுமாறியபடி புது வேக விவரத்தைச் சொன்னாள். திரையில் மகளின் விரல்கள் பறந்தன. இங்கே அம்மாவின் விரல்கள் பதில் சொல்லின. இருவரும் சிரித்தார்கள்.

"இனிமே எல்லாருக்கும் இதே வேகம்தானேன்னு கேக்குறாங்க. இத்தனை நாள் தனக்கு மட்டும்னு கூச்சமா இருந்துச்சாம்."

"தினமும் சாயங்காலம் இந்த நேரத்துக்குத்தான் பேசுவீங்களாம்மா?"

"நான் வேலை விட்டு வர்ற நேரம் மேடம். படம் நின்னா எங்களுக்குப் பேச்சே நின்ன மாதிரி. உங்க ஆபீஸ் சார்தான் வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் கொடுத்தாரு."

திரும்பும்போது அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

"இவ்ளோ நல்லவரா நீங்க? இதைப் போய் ஏங்க மறைச்சீங்க? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சரி, விடு. மீதி வீட்டைப் பாரு."

"இருங்க. அவங்க கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? புகார் எல்லாம் என்கிட்டதானே வரும்?"

கேட்டுக்கொண்டே பழைய புகார்களில் நாற்பத்தாறைத் தேடினாள்.

"அதைத் திறக்காதே!" என்று அவர் எழுந்து வருவதற்குள் திறந்துவிட்டது.

'சாயங்காலத்தில் படம் நின்று நின்று வருகிறது. மகளோடு பேச முடியவில்லை. தயவுசெய்து உதவுங்கள்.'

அதன் கீழே, மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே அனுப்பிய பதில் இருந்தது.

'பேசுறதுக்குப் படம் எதுக்கு மேடம்? போன் போட்டுப் பேசிக்கோங்க!'