பழைய பிரவுசர்க்காரர்

"அந்த ஒரு ஆளுக்காக நான் இன்னும் எத்தனை நாள் சார் மாரடிக்கிறது?"

ஒசாகாவில் ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். உலகமே கைவிட்ட ஒரு பழைய பிரவுசரிலிருந்து தினமும் காலையில் யாரோ ஒருவர் எங்கள் தளத்துக்கு வருவதாக வருகைக் கணக்கு காட்டுகிறது. அவர் ஒருவருக்காக, நான் புதிதாக எதைச் செய்தாலும் அந்தப் பிரவுசருக்கும் ஒத்துப்போகிற மாதிரி இன்னொரு தடவை செய்து தொலைக்க வேண்டும்.

"ஒருத்தர்னாலும் கஸ்டமர் கஸ்டமர்தான், ஒகாதா," என்றார் மேனேஜர் நிஷிவாகி.

"இதுவரைக்கும் ஒரு முள்ளங்கி ஊறுகாய்கூட வாங்கலையே சார்."

"வாங்குவார். வயசானவரா இருக்கும். விரட்டிடாதே."

வெறுத்துப்போய் ஒரு வாரம் லீவு போட்டேன்.

திரும்பி வந்தபோது நிஷிவாகியின் முகம் வாடிக் கிடந்தது.

"ஒரு வாரமா அவர் வரவே இல்லப்பா. உடம்புக்கு என்னவோ."

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "அப்ப அந்தப் பழசைத் தூக்கிடலாமா சார்?"

"இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம். வரலேன்னா தூக்கிடு."

என் இடத்துக்கு வந்தேன். வேலையைத் தொடங்குமுன் எப்போதும் செய்வதுபோல, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் பிரவுசரில் எங்கள் தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்தேன்.

உள்ளறையில் வருகைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்த நிஷிவாகி கூப்பிட்டார்.

"ஒகாதா, வந்துட்டாருப்பா. முள்ளங்கி ஊறுகாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்."

என் எதிரே, அந்தப் பழைய திரையில், முள்ளங்கி ஊறுகாய்.