சம்பந்தத்துக்கு ஆக்கிய கறி

அடுப்பில் வெந்துகொண்டிருந்த கறிச்சட்டியின் மூடியைத் திறந்த றபீக்கா திகைத்து நின்றாள். உள்ளே இருந்த இரண்டு கிலோ மாட்டிறைச்சியைக் காணவில்லை.

"இஞ்ச பாருங்க, ஆரோ இறைச்சியக் களவெடுத்திட்டாங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

நஸீர் ஓடி வந்து அகப்பையை விட்டுத் துழாவினான். கள்ளன் யாரும் வரவில்லை. இறைச்சி முழுவதும் கரைந்து களியாகக் கிடந்தது.

மகள் நிஸ்மியா கதவோரம் நின்று அழத் தொடங்கினாள். "கிழட்டு மாடு, வேகாது எண்டு நீங்கதானே உம்மா சொன்னீங்க. பப்பாசிக்காய் போட்டா மெதுவாகும் எண்டு யூடியூப்ல பாத்தன். அவங்க ஒரு துண்டுதான் சொன்னாங்க. நான் காய் முழுக்க அரைச்சி, ராவே பெரட்டி வெச்சிட்டன்."

வேறு நாளென்றால் சிரித்துவிட்டுப் பாண் வாங்கித் தொட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். இன்றைக்கு அவளைப் பெண் பார்க்க ஏறாவூரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை இஷாமுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கோ அவன்தான் உயிர். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவன் வாப்பா முகைதீன்பாவா. இறைச்சி வெந்த பதத்தில் குற்றம் கண்டே இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக்கழித்த மகா மனுஷர்.

வேறு கறி ஆக்க நேரமில்லை. வாசலில் வான் வந்து நின்றுவிட்டது.

முகைதீன்பாவா லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டே இறங்கினார். சலாத்துக்கான பதிலும் லேஞ்சிக்குள்ளேயே முடிந்துபோனது. வரும்போதே கடுப்பில் வருகிறார் என்று நஸீர் நினைத்துக்கொண்டான்.

ஆண்கள் எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நஸீர் கோழிப்பொரியலில் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் வைத்தான். அவர் பேசாமல் அதை மகன் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு அந்தக் கறியை ஊற்றி, ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சி," என்றாள் திரைக்குப் பின்னால் றபீக்கா. நிஸ்மியாவுக்கு அழுகையும் வரவில்லை. அவ்வளவு பயம்.

சாப்பாடு முடியும்வரை முகைதீன்பாவா ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவியதும் நஸீரை மட்டும் வீட்டுக்குப் பின்னால் வளவுக்குள் கூட்டிப் போனார்.

"கறி ஆரு ஆக்கின?"

"மகள்தான் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துக் குழைந்தான் நஸீர். "சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டாள். குறை நினைக்காதீங்க."

"நிக்காஹ இந்த மாசமே வெப்பம்."

நஸீருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்ல காக்கா, அந்தக் கறி..."

முகைதீன்பாவா யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அவன் காதோரம் குனிந்தார்.

"பொய்ப்பல்லு ஆத்துல விழுந்து, ரெண்டு நாளா நான் கஞ்சிதான் தம்பி குடிக்கன்."