ஏழு மாதத் தண்ணீர்

தங்கமீனின் உடம்பெங்கும் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். வீட்டுக்கு வந்து பார்த்த மீன்கடை இஸ்மாயில் தொட்டியை முகர்ந்து முகம் சுளித்தார். “தண்ணி மாத்தி எத்தன நாளாச்சு மேடம்?” “ஏழு மாசம்,” என்றாள் சுகந்தி. “மீன் வளக்குறீங்களா, ஊறுகா போடுறீங்களா? இன்னைக்கே பாதித் தண்ணிய இறக்கிட்டுக் கல்லுப்பு போடுங்க. பாதிதான், மொத்தமா எடுத்தா மீன் செத்துரும்.” இறந்துபோன மகள் ஆதிரை கடைசியாகக் கையை விட்டு அளைந்த தண்ணீர் அது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் போனதும், “மீனும் அவளோடதுதான் சுகு,” என்றான் கணவன் எழிலன். குழாயை வாயால் உறிஞ்சி வாளிக்குள் விட்டான். கலங்கிய தண்ணீர் இறங்க இறங்க, அதுவரை மறைந்திருந்த பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. அதன் பாசியில் ஐந்து சிறிய விரல்கள் வழித்த கோடுகள். ஏழு மாதமாகியும் அவற்றின் மேல் பாசி படரவில்லை. இப்போதுதான் வழித்தவைபோல் பளிச்சென்றிருந்தன. தண்ணீர் பாதிக்கு வந்ததும் எழிலன் குழாயை மடக்கிப் பிடித்தான். “விடுங்க,” என்றாள் சுகந்தி. “சுகு, மீனு...” “விடுங்கன்னு சொல்றேன்ல.” எழிலன் பிடியைத் தளர்த்தினான். தண்ணீர் அடிவரை இறங்க, மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து மூடியது. கோடுகள் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தன.