ரயிலிலிருந்து இறங்கியவன்

டிவியில் மாட்டிப் படம் பார்க்கும் புதுப் பெட்டி ஒன்று கிறிஸ்துமஸுக்கு வரப்போகிறதாம். கூப்பிட்டால் அதன் ரிமோட் இருக்கிற இடத்திலிருந்து குரல் கொடுக்குமாம். போன் வாசித்துக் காட்டிய வதந்திகளை வரிசையாகச் சொல்லிவந்த தொபியாஸ், "இன்னொண்ணு கேளு அமலி, திரையில நடக்குறத அதுவே தமிழ்ல சொல்லுமாம். இனிமே ஒனக்குத் தொண்டத்தண்ணி வத்தாது" என்றார்.

அமலிக்குச் சுருக்கென்றது. கணவருக்குப் பார்வை போன இந்த ஏழு வருடமும் படம் சொன்னது அவள்தான். வசனம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள். இசை மட்டும் ஓடும் இடங்கள் அவளுடைய ராஜ்ஜியம். அங்கே அவள் யாரையும் சாகவிட்டதில்லை, பிரியவிட்டதில்லை.

பார்வை போன பிறகு அவருக்கு உயிராகிப்போன படத்தின் முடிவில் நாயகன் ரயிலேறிப் போயே விடுவான். அமலி தன் வாயால் அவனை இறக்கிவிட்டிருந்தாள். "அவன் எங்கவே எறங்குனான்?" என்று கேட்ட பக்கத்து வீட்டுச் சவரியாரிடம், "நீரு சரியாப் பாக்கல ஓய்" என்று மல்லுக்கு நின்றவர் தொபியாஸ்.

"பெட்டி வந்ததும் மொதல்ல அந்தப் படந்தான்" என்றார் இப்போது.

ஒரு பெட்டி சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. அமலி அப்போதே எழுந்து அந்தப் படத்தைப் போட்டாள். கடைசியில் வயலின் தொடங்கியது.

"என்ன நடக்குது?"

"ரயில் போகுது. அவன் எறங்கல" என்றாள். "என்னைக்குமே எறங்குனதில்லங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

வயலின் ஓய்ந்தது. தொபியாஸ் அவள் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீயும் சரியாப் பாக்கல, அமலி" என்றார்.