தண்ணீரில் ஆடும் மரம்

கம்ப்யூட்டர் திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில் எது உசத்தி என்று தொடங்கிய சண்டையில் தமீமும் ஜோதிபாசுவும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் அப்போது இருவரிடமும் கார்டே இல்லை. தமீம் சொன்னதில் நினைவகம் அதிகம். ஜோதிபாசு சொன்னது நொடிக்குப் பல லட்சம் கோடிக் கணக்குகள் கூடுதலாகப் போடும். எல்லாம் கம்பெனி அச்சடித்த எண்கள். பிறகு ஆளுக்கொன்றை வாங்கி, கடைக்காரரைத் தொடவிடாமல் தங்கள் கையாலேயே பூட்டிக்கொண்டார்கள்.

ஜோதிபாசுவுக்குக் கால் முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் தமீம் பார்க்கப் போனான். ஜோதிபாசு நலம்கூட விசாரிக்கவிடவில்லை. விளையாட்டைத் திறந்து ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினான். தண்ணீரில் ஒரு மரத்தின் நிழல் ஆடியது.

"பாத்தியாடா? இந்த நிழல் உன் கார்டுல வராது. இரு, சத்தத்தையும் கேளு. ஸ்பீக்கர் வயரு கழண்டிருக்கு, கொஞ்சம் சொருகி விடேன். என்னால குனிய முடியல."

தமீம் மேசைக்கு அடியில் குனிந்தான். பெட்டிக்குள் கார்டு நீலமாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் திரையின் கேபிள் அதில் இல்லை. அதற்கு மேலே, கம்ப்யூட்டரோடு கூடவே வந்த மதர்போர்டின் துளையில் செருகியிருந்தது. வருஷம் முழுக்க அந்தக் கார்டு திரையில் ஒரு புள்ளிகூட வரைந்ததில்லை.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு நிமிரப் போனவன் பாதியில் நின்றான். அவன் வீட்டுத் திரையிலும் தினமும் இதே மரம், இதே நிழல்தான், இம்மியும் மாறாமல். கார்டைப் பூட்டிய அன்று தன் கேபிளை எந்தத் துளையில் செருகினோம் என்று யோசித்தான்.

"என்னடா சத்தத்தையே காணோம்? உன்னதுல வருமா, வராதா?"

"இதேதான்டா வருது," என்றான் தமீம், மேசைக்கு அடியிலிருந்தே.