நாற்பதாவது கேள்வி

“இதான் கடைசிக் கேள்வி, அக்கா” என்று கேள்வித்தாளோடு வந்திருந்த பெண் சொன்னதும், சொல்லிவைத்தாற்போல் தையல்காரிக்குக் கை வலி வந்துவிட்டது.

“ஆபரேஷன் பண்ண பக்கம் சுரீர்னு இழுக்குது. அடுத்த வாரம் வச்சுக்கலாமா?”

“போன வாரம் இழுத்தது இடது கை. இப்ப வலது கையைப் பிடிச்சிட்டிருக்கீங்க.”

தையல்காரி கையை மாற்றிக்கொண்டாள்.

மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் ஊரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி. மற்ற வீடுகளில் நாற்பது கேள்விக்கு நாற்பது நிமிடம். இங்கே ஐந்து மாதம். வாரத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் தையல்காரிக்குத் தெம்பிருக்காது.

தெம்பெல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, தைக்கக் கொடுத்திருந்த துணிகளை அக்கம்பக்கத்தார் பாதித் தையலோடு திரும்ப வாங்கிப் போனார்கள். ஒட்டிக்கொள்ளுமாம். தங்கை மட்டும் தினமும் காலையில் போனில் ரோஜாப்பூ அனுப்புகிறாள். படம் என்பதால் வாடுவதில்லை.

கேள்வி தீர்ந்தால் இவளும் வரமாட்டாள்.

“கழுத்துல ஒரு அட்டை தொங்குமே, எங்க?”

“வெயிலுக்குக் கசகசங்குதுக்கா. பேச்ச மாத்தாதீங்க. கடந்த ஏழு நாள்ல உங்களப் பார்க்க எத்தனை பேர் வந்தாங்க?”

தையல்காரி நெடுநேரம் யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை.

“கரண்ட் மீட்டர் பார்க்க ஒருத்தர் வந்தார்.”

“அவர் மீட்டரப் பார்க்க வந்தவர்.”

“அப்ப ஒண்ணு. நீதான்.”

“கேள்வி கேட்க வர்றவங்களச் சேர்க்கக் கூடாதுன்னு கீழயே போட்டிருக்குக்கா.”

“அப்ப சைபர் போட்டுக்க.”

தையல்காரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“கை வலின்னது, மறந்துபோச்சுன்னது, தலை சுத்துதுன்னது எல்லாம் பொய்ம்மா. உன்ன அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்க.”

அந்தப் பெண் பேனாவைத் திறந்து, கட்டத்துக்குள் ‘1’ என்று நிதானமாக எழுதினாள்.

தையல்காரி பதறிப்போனாள். “அழிச்சிடும்மா. உங்க புரொபசர் பார்த்தா சீட்டக் கிழிச்சிடுவார்.”

“ஆராய்ச்சி முடிஞ்சு மூணு மாசமாச்சுக்கா.”